உடம்பு போடுமா, டாக்டரம்மா?

படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் கால்நடை மருந்தகத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் மாதத்திலேயே உங்களிடம் ஒரு கேள்வி வரும். "பொட்ட நாய்க்குக் கருத்தடை ஆபரேசன் பண்ணுனா உடம்பு போடுமா?" கேட்கிறவர் கதவில் சாய்ந்துகொண்டு, நாயை உள்ளே கொண்டுவராமல் வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கேட்பார். பின்னால் நாலு மாடும் ஏழெட்டு ஆடும் நிற்கும். உங்களுக்கு அவசரம். வாயில் வருகிற பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதுவும் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தபோது சொன்னேன். அனுபவம் வந்துவிட்டால் தப்பு வராது என்று யாராவது உங்களிடம் பெருமையடித்தால் அவரை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அப்போது நான் சோழவந்தான் பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் இருந்தேன். என்னோடு இருந்தது ஒரே ஒரு உதவியாளர். ஊரே அவரைக் கம்பவுண்டர் என்று கூப்பிடும், நானும் கம்பவுண்டரண்ணே என்பேன். ஒரு நாள் காலையில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டிருந்தோம். ஊசியோடு சேர்த்துக் கருத்தடைக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வரிசையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். பக்கத்துப் பக்கத்து வீடு. மூத்தவள் முத்துலட்சுமி ஒல்லி, வாய் ஓயாது. இளையவள் பஞ்சவர்ணம் கனத்த உடம்பு, முட்டியில் கையை ஊன்றித்தான் உட்காருவாள், எழுந்திருப்பாள். இருவரும் வெற்றிலைக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள். ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள். மூத்தவளுடையது ராணி, இளையவளுடையது சிட்டு. இரண்டும் ஒரே செவலை நிறம்தான். சிட்டுக்கு மட்டும் முன்கால் ஒன்று வெள்ளை.

"ரெண்டுக்கும் சேத்து ஆபரேசன் பண்ணிவிட்ருங்க டாக்டரம்மா. வருசம் ரெண்டு தரம் குட்டி போட்டா நான் எங்கிட்டுப் போயி வளக்க?" என்றாள் முத்துலட்சுமி.

பஞ்சவர்ணம் சிட்டுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "உடம்பு போடுமா, டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"ஏன் கேக்குறீங்க?"

"எனக்குப் போட்டுச்சுல்ல." குரலைத் தாழ்த்தினாள். "மூணு வருசம் முன்னாடி கர்ப்பப்பைய எடுத்துட்டாக. அதுவரைக்கும் நானும் அக்கா கணக்காத்தான் இருப்பேன். இப்பப் பாருங்க. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. முட்டி ரெண்டும் போச்சு. வாயில்லாச் சீவன், அதுக்கும் இப்படி ஆயிருச்சுன்னா யாருட்டப் போயிச் சொல்லும்?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சூலகத்தை எடுத்தபிறகு நாயின் உடம்புக்குத் தேவைப்படுகிற தீனி குறைகிறது. ஆனால் பசி குறையாது, சில நாய்களுக்குக் கூடவே செய்யும். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் எடை ஏறும். அளவைக் குறைத்து, நடக்கவைத்து, மாதம் ஒரு தடவை எடை பார்த்தால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் வரிசையில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். 'போடும்' என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தால் பத்துப் பேரும் நாயைக் கூட்டிக்கொண்டு கழன்றுவிடுவார்கள் என்று பயந்தேன்.

"மனுசி வேற, நாய் வேற. ஒரு கிலோகூட ஏறாது. வேணும்னா எழுதித் தாரேன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்று என் சாமர்த்தியத்தில் ரொம்பவே திருப்தி.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. "அக்கா நாய்க்கு மொதல்ல ஆகட்டும். அதப் பாத்துட்டு நான் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் ராணிக்கு மட்டும் அறுவை நடந்தது. நல்லபடியாக நடந்தது. தையலும் அழகாக ஆறியது.

எட்டு மாதம் கழித்து முத்துலட்சுமி ராணியை ஏதோ காதுப் புண்ணுக்காகக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஏறும்போதே பார்த்தேன். நாய் நடந்து வரவில்லை, அசைந்து வந்தது. எடை மெஷினில் ஏற்றினோம். அறுவையன்று பதினைந்து கிலோ இருந்த நாய், இருபத்திரண்டரை. மெஷின்தான் கோளாறு என்று நினைத்துக் கம்பவுண்டரண்ணன் அதை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி ஏற்றினார். அதே இருபத்திரண்டரை.

"என்னத்தப் போடுறீங்க இதுக்கு?" என்று கத்தினேன்.

"ஒரு வாய்ச் சோறுதான் டாக்டரம்மா. எங்காத்தா சத்தியமா, சோறு ஒரு வாய்தான் போடுறேன்."

"ஒரு வாய்ச் சோத்துக்கு இப்படி ஊதுமா? பொய் சொல்லாதீங்க."

அப்போதுதான் கதவோரம் பஞ்சவர்ணம் நிற்பதைப் பார்த்தேன். துணைக்கு வந்திருந்தாள், சிட்டுவைக் கூட்டிவரவில்லை. அவள் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. "எழுதித் தாரேன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

காத்திருந்த ஏழெட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அங்கேயே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். 'ஆமாம், அன்று பாதியைத்தான் சொன்னேன், மீதி இதுதான்' என்றிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு ரோஷம் அதிகம். என் வீட்டிலும் இதையே சொல்வார்கள். "உங்க நாயி, உங்க இஷ்டம். வேணாம்னா விட்டுருங்க, நானா கெஞ்சிக்கிட்டு இருக்கேன்?" என்றேன். அவள் போய்விட்டாள். அந்த மாதம் கருத்தடைக்குப் பெயர் கொடுத்திருந்தவர்களில் நாலு பேர் வரவே இல்லை. அதற்கும் நான் அவள்மேல்தான் கோபப்பட்டேன். தெருவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்கு அந்தக் கோபம் வளர்ந்திருந்தது. ஒரு படித்த, நரைத்த பொம்பளை செய்கிற காரியமா அது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கோடை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன். ஸ்டாப்பில் பஞ்சவர்ணம் வெற்றிலைக் கட்டோடு மதுரை சிம்மக்கல் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். மொத்தக் கடைக்குக் கொண்டுபோகிற கட்டு. என்னைப் பார்த்ததும் கட்டை அப்படியே போட்டுவிட்டு, முட்டி வலியோடு வேகமாக வந்தாள்.

"டாக்டரம்மா, சிட்டு தண்ணியாக் குடிக்குது. வாளிய வச்சா வாளி காலியாயிருது. எங்கிட்டு எம்புட்டு வச்சாலும் பத்தல."

நான் நிற்கவில்லை. "இந்த வெயிலுக்கு நானே ஒரு குடம் குடிக்கிறேன். நாய் குடிக்கத்தான் செய்யும்" என்று நடந்துகொண்டே சொன்னேன். "இல்ல, வயிறு வேற…" என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கட்டை எடுக்க ஓடினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக்குச் சினை ஊசி போடப் போயிருந்தேன். இடது கை முழங்கைவரை மாட்டுக்குள் இருக்கிறது. விரல் நுனியில் கர்ப்பப்பை உருளுகிறது. மாட்டுக்காரர், "போன தடவ பருவத்துக்கு வந்து இருபத்தோரு நாளாச்சு, கணக்குச் சரிதானே?" என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த மருத்துவர் ஒருவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பொட்டை என்று எந்தப் பிராணி வந்தாலும், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேட்பார். கால் நொண்டுகிற நாயைக் கொண்டுவந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். முந்தைய நாள் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். கருத்தடை ஆகாத நாய். பருவம் முடிந்து சில வாரம் கழித்து வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது. வயிறு வேறு. அவள் சொல்ல வந்தது 'வயிறு வேற பெருத்திருக்கு' என்றுதான் இருக்கும். கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொண்டு, அதன் வாய் மூடியிருப்பதால் வெளியே ஒரு சொட்டும் வராமல், உள்ளேயே விஷமாகி ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும் நாய்கூட இப்படித்தான் குடிக்கும். அது எத்தனை நாளாகக் குடிக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை.

மாட்டுக்காரரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. கையைக் கழுவினேன். பஞ்சவர்ணத்தின் நம்பர் என்னிடம் இல்லை. கம்பவுண்டரண்ணனுக்குப் போன் போட்டு ராணியின் பதிவேட்டிலிருந்து முத்துலட்சுமியின் நம்பரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. வண்டியை எடுத்தேன். வழி முழுக்க மணிக்கணக்குதான் போட்டுக்கொண்டு போனேன். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்குச் சொன்னாள். இப்போது ஒன்பதே முக்கால். பதினாறு மணி நேரம். பதினாறு மணி நேரத்தில் என்னென்ன ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் நம் தொழிலில் பெரிய தண்டனை.

இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண், "கொடிக்காலுக்குப் போயிருக்காக" என்றாள். கொடிக்கால் வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்புக் காலோடு அதற்குள் யாரும் போவதில்லை, அந்தப் பதற்றத்திலும் கால் அதை மறக்கவில்லை. உள்ளே ஒரே நிழல், ஈரம். மூன்றாவது வரிசையில் பஞ்சவர்ணம் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், வாய்க்கால் ஈரத்தில் வயிற்றை வைத்துச் சிட்டு படுத்திருந்தது.

"ஆத்தி, டாக்டரம்மாவா!" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "நேத்து சொன்னதுக்கா வந்தீக? சினையா இருக்கு டாக்டரம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மேலத் தெரு நாய் கருப்பனோட சேந்துச்சு. நேத்து ராத்திரியிலருந்து சோறு தொடல. ரெண்டு தரம் கக்கிருச்சு. குட்டி போடப் போகுதுன்னு சாக்கு விரிச்சு வச்சிருக்கேன்."

நான் சேற்றில் மண்டியிட்டேன். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். காய்ந்து, செங்கல் நிறத்தில் இருந்தது. தோலைக் கிள்ளித் தூக்கினால் தூக்கினபடியே நின்றது. வயிற்றில் கை வைத்தேன். இரண்டு மாதச் சினை என்றால் குட்டியின் தலை கைக்குத் தட்டுப்பட வேண்டும். எங்கே தொட்டாலும் மெத்து மெத்தென்று நழுவியது. தலை எதுவும் தட்டுப்படவில்லை. சிட்டு முனகியது.

"குட்டி இல்ல பஞ்சவர்ணம்."

"இம்புட்டு வயிறு இருக்கே?"

"சீழ். கர்ப்பப்பை பூராவும் சீழ்."

அவள் மடியில் இருந்த வெற்றிலை கீழே சரிந்தது. "நேத்தே சொன்னேனே" என்றாள்.

"ஆமா, நேத்தே சொன்னீங்க. நான் நின்னு கேக்கல. தப்பு என்னுதுதான்." இந்த வாக்கியத்தை முப்பது வருடத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற தடவைதான் சொல்லியிருப்பேன். சொன்னபிறகு அடுத்த வேலைக்குக் கை ஓடுகிறது என்பதை மட்டும் அன்று தெரிந்துகொண்டேன்.

ஷேர் ஆட்டோ ஒன்றைப் பிடித்து, முத்துலட்சுமியும் ஓடிவந்து ஏறிக்கொள்ள, மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தோம். முதல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினேன். கம்பவுண்டரண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மதுரைக்கு அனுப்பிருவோமா? அங்க ஸ்கேன் இருக்கு, எல்லாம் இருக்கு" என்றார். அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. அங்கே போய்ச் செத்தால் நம் மேஜையில் சாகாது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் ஆசையாக இருந்தது. எழுதிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் அனுப்பவேண்டும் என்று தோன்றினால், அது பிராணிக்காகவா, உங்களுக்காகவா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிராணிக்காக என்றால் தயங்காமல் அனுப்புங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. மதுரையில் கால்நடை மருத்துவராக இருந்த சிநேகிதருக்குப் போன் போட்டேன். அவர் மேஜையில் வேறு ஒரு கேஸ். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் தொடவே முடியாது என்றார். ஒரு மணி நேரம் அந்த வெயிலில் ஆட்டோ, அதற்குமேல் அங்கே காத்திருப்பு. இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். சிட்டுவின் வெள்ளைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அறுத்தாப் பொழைக்குமா?" என்று கேட்டாள்.

கம்பவுண்டரண்ணன் என்னைப் பார்த்தார். 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம்.

"தெரியாது" என்றேன். "மயக்கத்துலயே போயிரலாம். ஆபரேசன் நல்லா முடிஞ்சு, நாளைக்குப் போனாலும் போயிரலாம். ஆனா அறுக்காம விட்டா நிச்சயமாப் போயிரும். எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான்."

அவள் பாட்டிலில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னயக் கூட இருக்க விடுவீகளா?" என்றாள். விடுகிறேன் என்றேன். "அப்பப் பண்ணுங்க."

அதற்கப்புறம்தான் கஷ்டமே. காய்ந்து கிடக்கிற நாயை அப்படியே மயக்கத்தில் போட்டால் கத்தி படுவதற்கு முன்னாலேயே போய்விடும். தண்ணீர் ஏற வேண்டும், நாடி கொஞ்சமாவது நிமிர வேண்டும். காத்திருக்கவும் பயம், கர்ப்பப்பை உள்ளேயே கிழிந்துவிட்டால் கதை முடிந்தது. முத்துலட்சுமி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். "இன்னும் என்னத்தப் பாத்துட்டு இருக்கீக? வெரசா அறுத்து எடுங்க டாக்டரம்மா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். என் கையும் அதைத்தான் சொன்னது. எதையாவது செய்துகொண்டிருந்தால் பயம் தெரியாது, சும்மா நிற்பதுதான் முடியாது. கால் மணிக்கொரு தரம் ஈறை அழுத்தி, வெளுத்த இடம் சிவக்க எத்தனை நேரமாகிறது என்று பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது பாட்டில் பாதியில் சிட்டு படுத்தபடியே மேஜையை நனைத்தது. கம்பவுண்டரண்ணன், "பேஞ்சுருச்சு!" என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி கத்தினார். சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது. கத்தியைக் கையில் எடுத்தேன்.

அறுவையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு நின்றது. நின்றது என்றால் நின்றது. கம்பவுண்டரண்ணன் நெஞ்சுக்கூட்டை அழுத்த ஆரம்பித்தார். என் கை உள்ளே, கிழிந்துவிடக்கூடிய ஒன்றைத் தாங்கிப் பிடித்தபடி இருந்தது, எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. பஞ்சவர்ணம் வெள்ளைக் காலைத் தேய்த்துக்கொண்டே, "சிட்டு, ஏ சிட்டு, இந்தா நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனை விநாடி என்று கேட்காதீர்கள். பிறகு ஒரு இழுப்பு வந்தது. இன்னொன்று. அப்புறம் தானாகவே வந்தது.

கர்ப்பப்பையை முழுசாக எடுத்துத் தட்டில் வைத்தபோது இரண்டு பக்கமும் புடலங்காய் கனத்துக்கு உருண்டு கிடந்தது. பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இன்னைக்குக் காலைலயும் எம்பின்னாடியே கொடிக்காலுக்கு வந்துச்சு?" என்றாள். அதற்குமேல் தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் மறைத்தது. ஊசியை நிறுத்திவிட்டுத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன்.

அதோடு பயம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விஷம் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் என் வீட்டுப் போன் அடித்தாலே சிட்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காலையும் மாலையும் அவள் வீட்டுக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். முதல் நாள் தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் நாள் தூக்கியது, சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஞ்சவர்ணமே போன் பண்ணினாள். எடுத்தேன். "டாக்டரம்மா, கஞ்சி குடிச்சுருச்சு. தண்ணி கொஞ்சமாத்தான் குடிக்குது" என்றாள். நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் தையலைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். குட்டி போடுவதற்கென்று பஞ்சவர்ணம் விரித்து வைத்திருந்த சாக்கில் சிட்டு படுத்திருந்தது, வாலை இரண்டு தட்டுத் தட்டியது. பக்கத்து வீட்டிலிருந்து முத்துலட்சுமி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பின்னாலேயே ராணி அசைந்து வந்தது. கிண்ணத்தில் உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும்.

"இது யாருக்கு?" என்றேன்.

"சிட்டுக்குத்தான். வயித்த அறுத்த ஒடம்புல்ல, இடுப்பெலும்பு விட்டுப்போகும். ராணிக்கும் இதான் கிண்டிப் போட்டேன்."

"ராணிக்கு எத்தனை நாள் போட்டீங்க?"

"எத்தன நாளா? இப்பவும் போடுறேன்ல. களி ஒரு நாளு, முட்ட ஒரு நாளு. கிழமைக்கு ஒரு தரம் எலும்புச் சாறு. தெருவுல உள்ளவகளும் பாவம் பச்ச ஒடம்புக்காரின்னு ஆளுக்கு ஒரு உருண்டை குடுப்பாக."

"ஒரு வாய்ச் சோறுதான்னு சத்தியம் பண்ணுனீங்களே!"

"சோறு ஒரு வாய்தான் டாக்டரம்மா. களி சோறாகுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றரை வருடமாக அந்த நாய் பிள்ளை பெற்றவள் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறது. பொய் சொல்கிறாள் என்று நான் அவளை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறேன். ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு இந்தத் தெருவில் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

"எங்க பஞ்சுக்கும் நான்தான் கிண்டிக் குடுத்தேன்" என்றாள் முத்துலட்சுமி பெருமையாக. "அவ ஆத்தா இல்லாதவ. கர்ப்பப்பைய எடுத்துட்டு வந்தப்ப யாரு இருக்கா? வருசம் பூரா ஒரு கொறை வைக்கல."

பஞ்சவர்ணம் சிட்டுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். முகாம் வரிசையில் நின்று கேட்ட அதே குரலில், "இதுக்கும் உடம்பு போடுமா, டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"போடும்" என்றேன். "உள்ள இருந்தத எடுத்தாச்சு. இனிமே இதோட உடம்புக்குத் தீனி கம்மியாப் போதும். பசி மட்டும் கம்மியாகாது. இதுவரைக்கும் போட்டதே போட்டீங்கன்னா ராணி மாதிரி ஆயிரும், முட்டி வலிக்கும், மூச்சு வாங்கும். தையல் ஆறட்டும். அதுக்கப்புறம் நாலு பங்குல ஒரு பங்கக் கொறைங்க. களி வேண்டாம். தினமும் கொடிக்காலுக்குக் கூட நடக்கட்டும். மாசம் ஒரு தடவ தூக்கிட்டு வாங்க, எடை பாப்போம். ஏறுச்சுன்னா இன்னும் கொறைப்போம். வயசான காலத்துல சிலதுக்கு ஒண்ணுக்குச் சொட்டும், அதுக்கு மாத்திரை இருக்கு. அம்புட்டுதான். இந்தச் சீழ் இனிமே வராது."

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு என்னிடம் இல்லாத இரண்டு நிமிடம்.

பஞ்சவர்ணம் கிண்ணத்தைப் பார்த்தாள். களியின் நடுவில் எண்ணெய் மினுங்கியது. பிறகு தன் முட்டிகளைப் பார்த்தாள்.

"எனக்கு எடுக்கைல இத ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

முத்துலட்சுமியின் வாய் முதல்தடவையாக ஓய்ந்தது. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் குடுத்தது தப்பா, பஞ்சு?" என்றாள்.

"நீ பாசத்துல குடுத்தக்கா. ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள் பஞ்சவர்ணம். "சொல்ல வேண்டியவுக சொல்லல."

அவள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சிட்டுவின் வெள்ளைக் காலைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பையை மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.